முனியாண்டியின் இரண்டாவது கன்று

அத்தியாயம் 7

டி.என்.ஏ ரிப்போர்ட் வந்துவிட்டால் கதை முடிந்தது என்று கனகராஜ் மூன்று நாளாக ஈப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரிப்போர்ட் வந்தது. பத்தேகாலுக்கெல்லாம், இந்தச் சனியன் வராமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஏழுகிணறு தோட்டத்து ஆபீஸ். மேசைக்கு அந்தப்பக்கம் மேனேஜர் பழனியப்பன். அவர் பக்கத்தில், தோட்டத்துக்குக் கன்று விற்ற ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் தேவன். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு. இந்தப்பக்கம் நம் துப்பறியும் முஹ்ஸினா. ஆறு வருஷம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் குழாய்களோடு குடும்பம் நடத்திவிட்டு, மனிதர்களே மேல் என்று வெளியே வந்து, மாமா கமருதீனின் சாப்பாட்டுக்கடை மாடியில் ஆபீஸ் போட்டவள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியை நிறைத்துக்கொண்டு கனகராஜ். பழைய லோரி டிரைவர், இப்போது உதவியாளன். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

மூலையில் நாற்காலி நுனியில் சரளா.

இடையில் புகுந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் இந்தத் தோட்டம் தேவனிடம் பாமாயில் தரும் செம்பனைக் கன்றுகள் அறுநூறு வாங்கியது. விதை போட்டு முளைத்தவை அல்ல. இருபத்தேழாம் நம்பர் மரம் என்று ஒரு மகராசி, குலை குலையாகக் காய்த்துத் தள்ளுகிறவள். அவளுடைய திசுவைக் குப்பியில் வளர்த்து, பிரித்துப் பிரித்து எடுத்த நகல்கள். ஒரு வருஷம் அவற்றை நாற்றுமேடையில் வளர்த்தவள் சரளா. நட்டு மூன்று வருஷமாகி, காய்க்கிற நேரத்தில் பார்த்தால், நூற்று எண்பத்து மூன்று மரத்தில் காய் காயாகவே இல்லை. ஒவ்வொரு காயைச் சுற்றியும் ஐந்தாறு சதைவிரல்கள் முளைத்து மூடிக்கிடந்தன. உள்ளே எண்ணெயும் இல்லை, பருப்பும் இல்லை.

நகல் என்றால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும், ஆகவே யாரோ நல்ல கன்றை விற்றுவிட்டுக் குப்பைக் கன்றை வைத்துவிட்டார்கள் என்றார் தேவன். யாரோ என்றால் யார்? நாற்றுமேடைச் சாவி சரளாவிடம்தானே இருந்தது! போன வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாரும் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கும்போது, பழனியப்பன் அவளை முன்னால் கூப்பிட்டுத் திருடி என்றார். இருபத்திரண்டு வருஷம் அந்த மண்ணில் உழைத்த பெண்பிள்ளை. பங்களாதேஷ் ஆட்களுக்குப் புரியவில்லையோ என்று மலாயிலும் ஒருதரம் சொன்னார். அன்றையிலிருந்து பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடுவதில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் ரிப்போர்ட்.

ரிப்போர்ட் சொன்னது இதுதான்: தாய்மரம், நல்ல மரம், கெட்ட மரம், மூன்றுக்கும் ஒரே டி.என்.ஏ. எழுத்துக்கு எழுத்து ஒன்று.

கனகராஜ் மேசையைத் தட்டினான். "அப்பறம் என்னலா! கன்ன யாரும் மாத்தல. சரளாக்கா, வாங்க, போயி பசியாறலாம்."

தேவன் சிரித்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப எல்லாம் நாங்க குடுத்த கன்னுதான். நாங்க குடுத்தது நல்ல கன்னு. அதுக்குப் பின்னாடி கெட்டிருக்குன்னா என்ன அர்த்தம்? நாத்துமேடையில மருந்த மாத்தி அடிச்சிருக்காங்க. திருட்டு இல்லன்னா நாசவேலை. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அந்த கடுதாசியில திருட்டுன்னு போட்டிருக்கறத அடிச்சிட்டு வேற எழுதிக்கலாம்" என்றார் பழனியப்பன். குரலில் சுரத்தே இல்லை. நூற்று எண்பத்து மூன்று மரத்துக்குப் பெரிய ஆபீஸில் அவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

"முதல்ல மாத்தி வச்சான்னீங்க. இப்ப மருந்துன்றீங்க" என்றான் கனகராஜ். "நாளைக்கு இந்தம்மா தும்முனதுல மரத்துக்குச் சளி புடிச்சிருச்சும்பீங்களா?"

முஹ்ஸினா அவன் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். 'வாயை மூடு' என்பதற்கு அவளிடம் அதுதான் மரியாதையான வடிவம். தேவனிடம் திரும்பினாள். "ஒரு சந்தேகம் டாக்டர். குப்பியில இருக்கறத எத்தன தடவ பிரிப்பீங்க?"

"எட்டுச் சுத்து. அதுக்கு மேல ஒருநாளும் போக மாட்டோம். ஒவ்வொரு கன்னுலயும் அட்ட கட்டி அனுப்புவோம். தாய்மரத்து நம்பர், எத்தனாவது சுத்து, ரெண்டும் அதுல இருக்கும். எங்க வேலை அவ்வளவு சுத்தம்."

"அந்த அட்டைங்கள பாக்கலாமா?"

"நாலு வருஷத்து அட்டையா? அதுக்கு எங்க போறது!"

மூலையிலிருந்து சரளாவின் குரல் வந்தது. "நீங்கதானே சார் முத வாரத்துலயே ஆள அனுப்பி எல்லாத்தயும் கழட்டிட்டுப் போனீங்க?"

"பதிவுக்காக. அது நடைமுறை" என்றார் தேவன். சிரிப்பில் ஒரு மடிப்பு விழுந்ததைக் கனகராஜ் பார்த்தான். ஆனால் மடிப்பை வைத்துக் கோர்ட்டில் வாதாட முடியாதே.

வெளியே ஐந்தடி நடைபாதையில் மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே மூவரும் நின்றார்கள். சரளா அழவில்லை. அழுதிருந்தால் கனகராஜுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவள் நாற்றுமேடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டில் இப்போது வேறு சாவி.

"அக்கா, நல்லா யோசிங்க" என்றாள் முஹ்ஸினா. "அந்த அறுநூறு கன்னுல நாத்துமேடைக்குள்ளயே வராத கன்னு ஏதாச்சும் உண்டா?"

"அறுநூறு இல்லம்மா. அறுநூத்தி ரெண்டு."

"ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"லோரிக்கு ஒண்ணு கூட கேட்டு வாங்குவேன். முனியாண்டிக்கு." உலகத்துக்கே தெரிந்த விஷயத்தைக் கேட்கிறாளே என்று சரளா அவளைப் பார்த்தாள். "இங்க ரப்பர் பால் எடுத்த கித்தா மரக் காலத்துலேர்ந்து அப்படித்தான். புதுக் கன்னு எது வந்தாலும், லோரியிலேருந்து இறங்குற முதக் கன்னு முனியாண்டிக்கு. தோட்டத்து மண்ணுல கால் வைக்கிறதுக்கு முந்தி அங்க போயிரணும். அன்னைக்கு ரெண்டு லோரி வந்துச்சு. பூசாரி அப்பாவு அண்ணே லோரி மேலயே கைய நீட்டி வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

முஹ்ஸினாவின் கண்ணில் விளக்கு எரிந்தது. "அந்த ரெண்டும் நாத்துமேடை மருந்தப் பாக்கல. தண்ணியப் பாக்கல. அது ரெண்டும் நல்லா காய்ச்சிருந்தா டாக்டர் சொல்றது சரி, தப்பு நாத்துமேடையில. ஒண்ணாச்சும் கெட்டிருந்தா, கெடுதல் குப்பியிலேயே வந்திருச்சு."

"ஒண்ணு சாமி ஒண்ணு பூதமா இருந்தா என்ன பாஸ் பண்றது?" என்றான் கனகராஜ்.

"அண்ணே, வண்டிய எடுங்க."

கனகராஜின் கஞ்சில் கார் கோயில் வாசலில் போய் நின்றபோது மணி பன்னிரண்டு. தோட்டத்து எல்லையில், வெட்டாமல் விட்ட நாலு கித்தா மரங்களுக்கு நடுவில் முனியாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூசாரி அப்பாவு பேராக் காற்பந்துச் சட்டையோடு விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, பசியாறியாச்சா? செம்பனையா? இந்தா, பின்னாடி பாருங்க. சாமி மரம், சும்மா தளதளன்னு நிக்கிது!"

தளதளவென்றுதான் நின்றது. பாவி மரம்! குலை ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். கறுப்பும் சிவப்புமாக, காய்க்கு ஒரு குறை சொல்ல முடியாது. முஹ்ஸினா ஒரு பழத்தை நகத்தால் கீறினாள். எண்ணெய் வழிந்து அவள் விரல் மஞ்சளானது.

கனகராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டான். மருந்தைப் பார்க்காத மரம் நன்றாகக் காய்த்திருக்கிறது. தேவன் இதைக் கேட்டால் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவார். ஏன்தான் வந்தோமோ!

அடிமரத்தில் ஒரு கம்பியில் பிளாஸ்டிக் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 2706. முஹ்ஸினா அதைப் படமெடுத்தாள். "இத ஏன் கழட்டல?"

"சாமிக்கு வந்த சாமான்ல எதயும் கழட்ட மாட்டோம். கயிறு வந்தா கயிறோட, அட்ட வந்தா அட்டயோட."

"இன்னொண்ணு எங்கண்ணே?"

அப்பாவு விளக்கைத் துடைக்கும் வேகம் கூடியது. "எதும்மா இன்னொண்ணு?"

"லோரி ரெண்டு. முனியாண்டி ஒருத்தரு. மரம் ஒண்ணு" என்றான் கனகராஜ். "கணக்குல எனக்கு முட்டைதான், ஆனா இது எனக்கே தெரியுது."

அப்பாவு முனியாண்டியை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "சரளாகிட்ட சொல்லிடாதீங்க. இங்க எடம் பத்தல. புந்தோங்லேருந்து எங்க அக்கா நல்லம்மா வந்திருந்துச்சு. கேட்டுச்சு, குடுத்திட்டேன். சாமி சொத்துதான், தப்புதான். ஆனா அங்க அதுக்கு ஒரு குறையும் இல்ல. இங்க எனக்குப் பூசைக்குப் பத்து பேரு வர மாட்டேங்கறான். அங்க வெள்ளிக்கிழமைன்னா வரிச நிக்கிது."

"மரத்துக்கா?" என்றான் கனகராஜ்.

"நீங்களே போயி பாருங்க."

நெடுஞ்சாலையில் ஏறியதும் கனகராஜ் அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான். "பாஸ், நகல்னா நகல்தானே? ஒரே டி.என்.ஏ. ஒண்ணு பொண்டாட்டி பேச்சக் கேக்குற புருசன் மாதிரி ஒழுங்கா காய்க்குது. இன்னொண்ணு மாட்டேங்குது. எப்படி?"

"மாமா கடப் பூனையப் பாத்திருக்கீங்கல்ல?"

"என் மீன் தலையத் திருடுறதே அதுதானே."

"ஒரே பூனை, உடம்பு முழுக்க ஒரே டி.என்.ஏ. அப்ப ஏன் ஒரு எடத்துல கறுப்பு, ஒரு எடத்துல செவல? தாய் வயித்துல அது கடுகளவு இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஒரு முடிவு எடுக்குது. கறுப்புக்கு ஒரு ஏடு, செவலைக்கு ஒரு ஏடு. ரெண்டுல ஒண்ண மூடி வச்சிரும். அந்த செல் ரெண்டாகும், நாலாகும், லட்சமாகும். பொறக்குற எல்லாமே முதல் செல் மூடுனதையே மூடி வச்சிருக்கும். அதான் திட்டுத் திட்டா நிறம். ஏட்டுல யாரும் எழுத்த மாத்தல அண்ணே. மூடினது மட்டும்தான்."

கனகராஜ் ஒரு லோரியை முந்தினான். "சரி. பொறக்கற செல்லுக்கு எப்படித் தெரியும் அப்பன் எத மூடுனான்னு? கடுதாசி எழுதி வச்சிட்டா போறான்?"

முஹ்ஸினா சிரித்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. "நீங்க தோட்டத்து லயத்துல பொறந்தவருதானே? ஒரு லயத்துல இருவது வீடு, இருவதும் கதவச் சாத்தி இருக்கு. தோட்டத்துல இன்னொரு லயம் கட்டுறாங்க. பத்து குடும்பம் அங்க போவுது, பத்து இங்கயே இருக்கு. ரெண்டு லயத்துலயும் பத்துப் பத்து காலி வீட்டுக்குப் புது ஆளுங்க வாராங்க. வந்தவன் என்ன செய்வான்?"

"பக்கத்து வீட்டப் பாப்பான். அவன் சாத்தியிருந்தா இவனும் சாத்துவான்."

"அவ்வளவுதான். டி.என்.ஏ நூலு சும்மா கெடக்காது. உருண்ட உருண்டயா இருக்கற புரதத்துல சுத்தி வச்சிருக்கும். அந்த உருண்டைங்கதான் வீடு. மூடுன எடத்துல, சாத்துன்னு அதுக்கு ஒரு அடையாளம் இருக்கும். நூலு மேலயும் அதே மாதிரி அடையாளம் உண்டு. செல் பிரியும்போது பழசுல பாதி இங்க, பாதி அங்க. பழச பாத்து, புதுசுக்கும் அதே அடையாளத்தப் போட ஒரு ஆளு இருக்கான்."

"கங்காணி!"

"கங்காணியேதான். செம்பனையில அப்படி மூடி வச்சிருக்கற சாமான் ஒண்ணு இருக்கு. அது பாட்டுக்குத் தூங்கணும். முழிச்சா பூவக் கெடுத்து, காயக் கெடுத்திரும். ஆராய்ச்சிக்காரங்க அதுக்கு வச்ச பேரு கர்மா."

"அட கர்மமே!" என்றான் கனகராஜ், மனசார.

"குப்பியில அளவுக்கு மீறிப் பிரிச்சுக்கிட்டே போனா? தெனம் லயத்த மாத்துனா கங்காணி எத்தன கதவத்தான் பாப்பான்? ஒண்ணு தெறந்து கெடக்கும். அதப் பாத்து அடுத்தவனும் தெறப்பான். அதுக்கப்பறம் பொறக்கறதுக்கெல்லாம் தெறந்த கதவுதான் வழக்கம். எழுத்து அதேதான் இருக்கும், அதனால டி.என்.ஏ ரிப்போர்ட்டுல ஒண்ணும் தெரியாது." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இது என் ஊகம். ஊகத்தச் சொன்னா அஞ்சு மணிக் கையெழுத்து நிக்காது. மணி ஒண்ணரை."

புந்தோங்கில் நல்லம்மாள் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்து முனையிலேயே சாம்பிராணி வழிகாட்டியது. புதன்கிழமையாக இருந்தும் வாசலில் ஏழெட்டுச் செருப்பு. வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன மண்ணில் செம்பனை நின்றது. இடுப்பில் மஞ்சள் துணி, கழுத்தில் எலுமிச்சை மாலை. அதன் குலையைப் பார்த்ததும் கனகராஜின் வாய் திறந்தபடி நின்றது.

ஒவ்வொரு காயும் தாமரை மொட்டுபோல ஐந்து விரலால் தன்னை மூடிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பார்த்த அதே காய். அங்கே சாபம், இங்கே சாமி!

"அஞ்சுமுகத்து அம்மா" என்றாள் நல்லம்மாள், அறுபது வயதின் முழு அதிகாரத்தோடு. "செருப்பக் கழட்டிட்டு வாங்க. உலகத்துல எந்தச் செம்பனையாச்சும் இப்படிக் காய்க்குமா?"

"நூத்தி எம்பத்து மூணு காய்க்குதுக்கா" என்று சொல்ல வந்த கனகராஜ், வந்த வேலையை நினைத்துக் கும்பிடு போட்டு வைத்தான். கெட்ட மரமானாலும் சாமி சாமிதான்.

"இதுக்கு மருந்து ஏதாச்சும் அடிச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள் முஹ்ஸினா.

"மருந்தா? வாயக் கழுவும்மா. வந்த நாள்லேருந்து மஞ்சத் தண்ணியும் பாலும்தான்."

கனகராஜ் கார் சாவியை எடுத்துவிட்டான். "முடிஞ்சது பாஸ்! நாத்துமேடையப் பாக்காத மரம், கெட்டுப்போன காய். போலாம்!"

"இது அந்தக் கன்னுதான்னு யாரு சொன்னா? தம்பி குடுத்தாரு, அக்கா வாங்குனாங்கன்னு சொன்னா டாக்டர் நம்பிருவாரா? அட்ட வேணும்." நல்லம்மாளிடம் திரும்பினாள். "அக்கா, கன்னுல ஒரு அட்ட கட்டியிருந்துச்சா?"

"இருக்கே. மஞ்சத் துணிக்குள்ள."

"கொஞ்சம் அவுத்துக் காட்டுறீங்களா?"

"நல்லா இருக்கே! கட்டுனத அவுத்தா அம்மா சும்மா விடுவாளா? உனக்கு அட்டதான் வேணுமா, நம்பரு வேணுமா? நம்பருன்னா புந்தோங்ல எந்தப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். சாமி குடுத்த நம்பராச்சே. மரம் வந்த மறுநாளே நம்பர் லாட்டரிக் கடைக்கு ஓடிட்டேன். ரெண்டு ஏழு ஒண்ணு ஒம்போது. ஒரு குலுக்கல் விட்டதில்ல. ஒருதரம் ஆறுதல் பரிசு கூட விழுந்துச்சு."

முஹ்ஸினா அசையாமல் நின்றாள். கனகராஜும் அசையவில்லை. ஆனால் அவன் நின்ற காரணம் வேறு. மெல்லத் தன் பர்ஸை எடுத்தான். அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். அதைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், சீட்டை நீட்டினான்.

2719.

"கோப்பிக்கடைக்காரன் சொன்னான் பாஸ், சாமி நம்பர்னு. ரெண்டு வருசமா நானும் எடுக்கறேன்."

"துப்ப பாக்கெட்டுல வச்சுக்கிட்டே துப்பறிய வந்திருக்கீங்க!" முஹ்ஸினாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "கோயில் மரம் இருவத்தேழு, ஆறு. இது இருவத்தேழு, பத்தொம்போது. அண்ணே, காலையில டாக்டர் அட்டயில என்னென்ன இருக்கும்னாரு?"

கனகராஜின் முகம் மெதுவாக மலர்ந்தது. "தாய்மரத்து நம்பரு. எத்தனாவது சுத்து."

"அக்கா, அந்த மொத மொத எடுத்த சீட்டு இருக்கா?"

"சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கேன். அத எடுக்கணும்னா படத்தோடதான். படம் வந்தா நானும் வருவேன்" என்றாள் நல்லம்மாள்.

மணி நாலே முக்காலுக்குக் கஞ்சில் கார் தோட்டத்து ஆபீஸ் வாசலில் புழுதி கிளப்பி நின்றது. பின்சீட்டிலிருந்து நல்லம்மாள் சாமி படத்தை மடியில் அணைத்தபடி இறங்கினாள். உள்ளே மேசைமேல் கடுதாசி தயாராக இருந்தது. பேனாவும் இருந்தது. சரளா கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இவங்க?" என்றார் தேவன்.

"சாட்சி" என்றான் கனகராஜ். "கூடவே தெய்வமும் வந்திருக்கு. மரியாதையா எந்திரிச்சு நில்லுங்க."

முஹ்ஸினா கைப்பேசியில் கோயில் அட்டைப் படத்தையும் புந்தோங் குலைப் படத்தையும் காட்டிக் கதையைச் சொன்னாள். நல்ல மரம் 2706. கெட்ட மரம் 2719. தேவன் பாதியிலேயே கையை ஆட்டினார். "எட்டுச் சுத்துக்கு மேல நாங்க போறதே இல்ல. அட்டயில யார் வேணும்னாலும் நேத்து ராத்திரி கூட எழுதிக் கட்டலாம்."

"கட்டலாம்தான்" என்றாள் முஹ்ஸினா. "அக்கா, படத்தத் திருப்புங்க."

நல்லம்மாள் படத்தைத் திருப்பிப் பின்னட்டையைக் கழற்றினாள். வெளிச்சம் படாமல் இருந்த சீட்டு, எழுத்து மங்காமல் வந்தது. நம்பர் 2719. மேலே கடை மிஷின் அடித்த தேதி, நாலு வருஷத்துக்கு முந்தியது.

"சார், லோரி வந்த தேதி ஃபைல்ல இருக்கும்" என்றாள் முஹ்ஸினா.

பழனியப்பன் ஃபைலைத் திறந்தார். கண்ணாடியை மாட்டினார். லோரி வந்த தேதிக்கு மறுநாள்தான் சீட்டின் தேதி. அதற்குக் கீழ் வரியில் அவர் விரல் நின்றது. முதல் லோரியில் நானூற்று ஒன்று. இரண்டாவது லோரியில் இருநூற்று ஒன்று.

"ரெண்டாவது லோரி இருநூறு" என்றார் மெதுவாக. "கெட்டது நூத்தி எம்பத்து மூணு."

"நானூறுதான் ஒழுங்கா வந்திருக்கு. இருநூறுல பதினேழு எப்படியோ தப்பிச்சிருச்சு" என்றாள் முஹ்ஸினா. "மீதி இருநூறுக்குக் குப்பி பத்தல. அதனால பழச போட்டுப் பிரிச்சுக்கிட்டே போயிருக்காங்க, பத்தொம்போதாவது சுத்து வரைக்கும். பிறகு ஆள விட்டு அட்டையக் கழட்டியாச்சு. முனியாண்டி மட்டும் முந்திக்கிட்டாரு."

"டி.என்.ஏ ஒண்ணுன்னு சொன்னீங்களே?" பழனியப்பன் நெற்றியைத் துடைத்தார்.

"நான் சொல்றேன் சார்" என்று கனகராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "வீடு அதே வீடுதான். சாத்தி வைக்க வேண்டிய கதவு ஒண்ணு இருக்கு. குடி மாறும்போதெல்லாம் பழைய ஆளப் பாத்துப் புது ஆளும் சாத்தணும். இவரு மூச்சு விடாம குடி மாத்திக்கிட்டே இருந்திருக்காரு. கங்காணி அசந்துட்டான், கதவு தெறந்துக்கிச்சு, கர்மா வெளிய வந்துருச்சு. அந்த லயத்துக்குப் பொறந்த பிள்ளைங்க எல்லாம் தெறந்தே கெடக்கு. நாத்துமேடைக்கு வாரதுக்கு முன்னாடியே முடிஞ்ச கதை. சரளாக்கா என்ன செய்வாங்க?"

தேவன் எழுந்தார். "சீட்டக் கொண்டாந்த அந்தம்மா என்னை மாட்டிவிடணும்னு..."

"காய் காய்க்கறதுக்கு அத்தன வருசம் முந்தியேவா?" என்றான் கனகராஜ். "அவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தா முதல் பரிசு நம்பரையே எடுத்திருப்பாங்களே சார்!"

தேவன் தன் பையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு உங்க பதிவு எல்லாத்தயும் எடுத்துக்கிட்டு பெரிய ஆபீஸுக்கு வாங்க" என்றார் பழனியப்பன். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

நல்லம்மாள் சீட்டைப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகினாள். பழனியப்பன் மேசைமேல் இருந்த கடுதாசியை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அதை நாலாக்கினார். "சரளா, தப்பு நடந்து போச்சு. மனசுல வச்சுக்காத. நாளைலேருந்து வேலைக்கு வந்திரு."

சரளா எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"இங்க கிழிச்சது இங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும் சார். பெரட்டுல சொல்லுங்க. தமிழ்ல ஒருதரம். மலாயில ஒருதரம்."

பழனியப்பன் கிழித்த துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.

ஒன்பது மணிக்கு முன் எழுந்து பழக்கமில்லாத கனகராஜ், மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் நின்றான். பக்கத்தில் கோப்பிப் பொட்டலத்தோடு முஹ்ஸினா. பழனியப்பன் மேடையில் ஏறினார். சரளா திருடி இல்லை, தவறு தன்னுடையது என்று தமிழில் சொன்னார். மலாயில் சொன்னார். யாரும் கேட்காமலே, பங்களாதேஷ் ஆட்களில் ஒருவன் பின்னால் திரும்பித் தன் ஆட்களுக்கு வங்காளத்திலும் சொன்னான்.

அப்புறம் பழனியப்பன் பெயர்ப் புத்தகத்தைத் திறந்து, முதல் பெயராக அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன் சார்" என்றாள் சரளா.